நிறத்துக்குச் சாட்சி யார்?

பழைய நூலொன்று கிழிந்து சிதைந்து போனால், எஞ்சிய பிரதியிலுள்ள சொற்களைப் பார்த்து அதனை மறுபதிப்புச் செய்யலாம். எழுத்தின் உருவம் மாறலாம். தாளின் தரம் மாறலாம். சொல் மாறாதவரையில் நூல் அந்த நூலே. திரைப்படத்தின் நிலை இதனின் வேறானது. அங்கே நிறமும் ஒளியும் ஒலியுமே சொற்களின் இடத்தில் நிற்கின்றன. இவற்றுள் ஒன்று பிறழ்ந்தாலும், கதை மாறாதிருக்கப் படைப்பு மாறிவிடுகின்றது. ஆகவே, சிதைந்த படமொன்றை மீட்க முற்படுவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டியவராகின்றனர். படத்தின் பழைய நிலை என்பது யாது? அதனை இன்று உறுதியாக அறிந்தவர் யார்?

இவ்வினாவின் கடுமையை நன்கு விளக்கக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்று இத்தாலிய நாட்டிலிருந்து கிடைக்கின்றது. தாரியோ அர்ஜெந்தோ என்னும் நெறியாளர் உருவாக்கி, 1977ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘சுஸ்பீரியா’ என்ற திகிற்படமே அது. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 2017ஆம் ஆண்டின் இறுதியில், ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சினாப்ஸ் பிலிம்ஸ் என்னும் நிறுவனம் அப்படத்தை மூல நெகற்றிவிலிருந்து மீட்டமைத்து, வீட்டிலே பார்ப்பதற்குரிய இறுவட்டாக வெளியிட்டது. அப்பணி சில ஆண்டுகள் நீடித்தது. திகிற்படமொன்றுக்கு இத்துணை உழைப்பு ஏன் என்று வினவுவோர் இருக்கலாம். படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தால் அவ்வினாவுக்கு விடை தானே கிடைக்கும்.

இத்தாலியிலே மொண்டதோரி என்னும் பதிப்பகத்தார் 1929ஆம் ஆண்டு தொடக்கம் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையிட்டு வெளியிட்டு வந்தனர். அந்த நிறத்தையொட்டி மர்மக்கதைகள் யாவும் அந்நாட்டிலே ‘ஜால்லோ’, அதாவது மஞ்சள், என்னும் பெயரைப் பெற்றன. அப்பெயர் நாளடைவில் திரைக்கும் வந்தது. மாரியோ பாவா என்னும் நெறியாளர் 1963, 1964ஆம் ஆண்டுகளில் எடுத்த படங்கள் அவ்வகைக்கு அடிகோலின. கையுறை அணிந்த கொலையாளி, மறைந்து நிற்கும் உண்மை, கண்ணாற் கண்டதையே நம்ப இயலாத சாட்சி ஆகியவை அப்படங்களின் வழக்கமான கூறுகள். அர்ஜெந்தோ 1970இலே தமது முதற்படத்தின் மூலம் அவ்வகைக்கு உலகப் புகழ் தேடிக் கொடுத்தார். 1975இல் அவர் அளித்த ‘புரொபொந்தோ றொஸ்ஸோ’, அதாவது ‘ஆழ்ந்த சிவப்பு’, அவ்வரிசையின் உச்சம் எனப் பலராலும் போற்றப்படுகின்றது.

அதற்கு அடுத்து வந்த ‘சுஸ்பீரியா’ துப்பறியும் கதையின் எல்லையைக் கடந்து மாய உலகினுட் புகுந்தது. அமெரிக்க இளம்பெண் ஒருத்தி நடனம் பயில்வதற்காக ஜேர்மனியின் பிரைபேர்க் நகருக்கு வருகின்றாள். அவள் வந்திறங்கும் இரவிலே பெருமழை பொழிகின்றது. நடனக் கலாசாலையின் செந்நிற மாளிகையிலிருந்து மற்றொரு மாணவி அஞ்சி ஓடுகின்றாள். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் கொடுமைகளுக்குக் காரணம் அந்த மாளிகையிலே மறைந்து வாழும் சூனியக்காரிகளின் கூட்டம் என்பது மெல்ல மெல்லப் புலனாகின்றது. ஜெசிக்கா ஹாப்பர் முதன்மைப் பாத்திரத்தை ஏற்றார். அர்ஜெந்தோவும் தாரியா நிக்கொலோதியும் இணைந்து திரைக்கதையை எழுதினர். படத்தின் பெயர், ஆங்கில எழுத்தாளர் தொமஸ் டி குவின்சி 1845ஆம் ஆண்டில் எழுதிய ‘சுஸ்பீரியா டி புரொபுண்டிஸ்’ என்னும் உரைநடை நூலின் பெயரிலிருந்து பிறந்தது. ஆழத்தினின்று எழும் பெருமூச்சுகள் என்பது அவ்விலத்தீன் தொடரின் பொருள்.

கதையை இவ்வாறு சில வரிகளிற் சொல்லிவிடலாம். ஆயினும், படத்தைப் பார்த்தோர் நினைவில் எஞ்சுவது கதையன்று, நிறமே. ஆழ்ந்த சிவப்பும், குளிர்ந்த நீலமும், நச்சுப் பச்சையும் சுவர்களிலும் முகங்களிலும் படர்ந்து, எந்தக் காரணமும் காட்டாமல் மாறிக்கொண்டே செல்லும். ஓர் அறையிலே சிவப்பொளி வீசினால், அங்கே சிவப்பு விளக்கு இருக்க வேண்டும் என்ற நியதி இப்படத்தில் இல்லை. அச்சத்தை விளைவிப்பது இருளே என்பது அதுவரை இருந்த மரபு. அர்ஜெந்தோவோ வண்ணத்தின் பெருக்கினாலேயே அச்சத்தை விளைவிக்க எண்ணினார். வோல்ற் டிஸ்னி 1937ஆம் ஆண்டில் அளித்த ‘பனிவெண்மையும் ஏழு குள்ளரும்’ என்னும் சித்திரப் படத்தின் நிறங்களை அவர் தமக்கு முன்மாதிரியாகக் கொண்டார். சிறுவர்க்கான தேவதைக் கதையின் ஒளிர்நிறங்களிலே கொலையைக் காட்டினால் அது எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்பதே அவருடைய கணிப்பு.

அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் ஒளிப்பதிவாளர் லூச்சானோ தோவொலி. விளக்கின் முன்னே மெல்லிய வண்ணத்தாளைப் பொருத்துவது படப்பிடிப்பு நிலையங்களின் பொது வழக்கம். தோவொலி அதனோடு அமையவில்லை. வலிமை மிக்க விளக்குகளின் முன்னே, சட்டங்களிற் கட்டிய வண்ண வெல்வெற்றுத் துணிகளையும் மெல்லிய தாள்களையும் நிறுத்தினார். அவற்றை நடிகர்களின் முகங்களுக்கு மிக அண்மையில் வைத்தார். துணியினூடாக வடிந்து வந்த ஒளி, பூச்சுப் பூசியதுபோல் முகத்திலே நிறத்தைப் படியச் செய்தது. படப்பிடிப்பு முடிந்த பின்னர் ஆய்வுகூடத்திலே நிறத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அவர் விட்டுவிடவில்லை. கமராவின் முன்னே இருக்கும்போதே நிறம் அங்கே இருந்தது.

இவ்வாறு பதிவான படம் திரைக்குச் சென்ற வழியைச் சிறிது விரிவாக அறிதல் வேண்டும். மீட்டமைப்பின் சிக்கல் முழுவதும் அங்கேதான் தங்கியுள்ளது. ‘சுஸ்பீரியா’ படம்பிடிக்கப்பட்டது அக்காலத்திற் பொதுவாக வழங்கிய ஈஸ்ற்மன் வண்ண நெகற்றிவ் சுருளிலேயாகும். ஆனால், திரையரங்குகளுக்கான பிரதிகள் உரோம் நகரிலிருந்த டெக்னிக்கலர் ஆய்வுகூடத்திலே, சாயம் மாற்றி அச்சிடும் பழைய முறையில் எடுக்கப்பட்டன. அந்த முறை அப்போதே மறைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் அது எழுபதுகளின் நடுப்பகுதியிலேயே கைவிடப்பட்டுவிட்டது. 1974இல் வெளிவந்த ‘கோட்பாதர்’ படத்தின் இரண்டாம் பாகம் அங்கே அம்முறையில் அச்சிடப்பட்ட இறுதிப் படங்களுள் ஒன்று. இலண்டனில் 1978ஆம் ஆண்டளவில் அது நின்றது. உரோம் நகரிலும் நெடுநாள் நிலைக்கவில்லை.

சாயம் மாற்றும் முறையைப் புரிந்துகொள்ளச் சேலைக்கு அச்சுப் பதிக்கும் தொழிலை நினைத்துக்கொள்ளலாம். அத்தொழிலிலே ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மர அச்சு உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அவற்றைப் பிசகாமற் பதித்தால் முழு வடிவமும் கிடைக்கும். டெக்னிக்கலர் முறையிலும் மூன்று அச்சுச் சுருள்கள் உண்டு. நெகற்றிவிலுள்ள காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகளினூடாகத் தனித்தனியே அச்சுச் சுருள்களிற் பதிப்பர். அச்சுருள்களின் மேலுள்ள ஜெலற்றின் என்னும் கூழ்ப்படலம், ஒளி பட்ட அளவுக்கேற்ப இறுகும். இறுகாத பகுதியை வெந்நீராற் கழுவிவிட, மேடும் பள்ளமுமான புடைப்புருவம் எஞ்சும். அம்மூன்றையும் முறையே நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய சாயங்களிலே தோய்த்து, ஒரே வெற்றுச்சுருளின் மீது அடுத்தடுத்து அழுத்துவர். புடைப்பு உயர்ந்த இடத்திற் சாயம் மிகுதியாகவும், தாழ்ந்த இடத்திற் குறைவாகவும் ஏறும். மூன்று சாயமும் ஏறிய பின்னர் வண்ணப்படம் முழுமை பெறும்.

இம்முறையின் சிறப்புகள் இரண்டு. முதலாவது, ஒவ்வொரு சாயத்தின் செறிவையும் தனித்தனியே கூட்டவோ குறைக்கவோ ஆய்வுகூடத்தாருக்கு உரிமை இருந்தது. சிவப்பைச் சிவப்பாகவே, வேறு நிறத்தின் கலப்பின்றி, உச்சத்துக்குக் கொண்டுசெல்ல அவர்களால் முடிந்தது. இரண்டாவது, அச்சாயங்கள் நிலைபேறு உடையவை. சாதாரண வண்ணப் பிரதியிலே நிறம், சுருளைக் கழுவும்போது நிகழும் இரசாயன மாற்றத்தால் உண்டாகின்றது. எழுபதுகளில் எடுக்கப்பட்ட அத்தகைய பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் அழிந்தது. அதனால் அக்காலத்துப் பிரதிகள் பல, இன்று திரையிடும்போது, வானமும் மரமும் முகமும் ஒன்றுபோல வெளிறிய செந்நிறமாய்த் தோன்றுகின்றன. டெக்னிக்கலர் பிரதிகளோ ஐம்பது ஆண்டு கழிந்தும் பெரும்பாலும் நிறம் மாறாதிருக்கின்றன.

இனி, மீட்டமைப்பாளரின் இக்கட்டு எளிதில் விளங்கும். படத்தின் மிகக் கூர்மையான, மிக முழுமையான பதிவு மூல நெகற்றிவ். பிரதி ஒவ்வொன்றும் அதிலிருந்து பிறந்தமையால், ஒவ்வொரு படியிலும் நுட்பம் சிறிது குறைந்திருக்கும். எனவே கூர்மை வேண்டுவோர் நெகற்றிவையே நாடுவர். ஆனால் நெகற்றிவிலே நிறம் தலைகீழாக இருக்கின்றது. அதன் மேல் செம்மஞ்சள் நிறமொன்றும் படர்ந்திருக்கின்றது. அதனை நேர்ப்படமாக மாற்றும்போது எந்தச் சிவப்பு எவ்வளவு சிவப்பாக இருத்தல் வேண்டும் என்பதை நெகற்றிவ் சொல்வதில்லை. 1977இலே அதனைச் சொன்னது உரோம் ஆய்வுகூடத்தின் சாயத்தொட்டி. அந்தத் தொட்டி இப்போது இல்லை. கூர்மை ஓரிடத்திலும் நிறம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்துவிட்டன. நெகற்றிவை மாத்திரம் நம்பி மீட்டமைத்தால், 1977இலே எந்தத் திரையரங்கிலும் தோன்றாத ஒரு படமே கிடைக்கும்.

வீட்டுத் திரைக்கு வந்த பழைய பதிப்புகளின் வரலாறு இந்த ஆபத்தை மெய்ப்பித்தது. அமெரிக்காவில் 1977இலே இப்படம் சில காட்சிகள் குறைக்கப்பட்டே வெளியாயிற்று. பின்னர் ஒளிநாடாக்கள் வந்தன. அகன்ற திரைக்கென எடுத்த படத்தைச் சதுரத்தையொத்த தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடைப்பதற்காக இரு பக்கங்களையும் வெட்டுவது நாடாக்களின் வழக்கம். உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலமுள்ள சட்டகத்திலே, ஒரு மூலையிற் சிறு உருவமும் மறு மூலையிற் பெருஞ்சுவருமாக அமைத்த காட்சி அவ்வாறு வெட்டுண்டால் அதன் பொருளே கெட்டுவிடும். இறுவட்டுகள் வந்தபோது சட்டகம் மீண்டது. ஆனால் நிறம் மீளவில்லை. ஐரோப்பாவிலே 2010ஆம் ஆண்டளவில் வந்த பதிப்பொன்றிலே பிரகாசமும் நிறமும் அளவு கடந்து கூட்டப்பட்டிருந்தன. ஒளிபட்ட இடங்கள் வெண்மையாய்ப் பொசுங்கின. முகங்களின் நுண்ணிய மேடுபள்ளங்கள் மறைந்தன.

இங்கே ஒரு நுட்பமான தீங்கு உண்டு. நிறம் மங்கிய பதிப்பைப் பார்ப்பவர், இது பழுதுபட்டது என்று உடனே உணர்வர். நிறம் மிகைப்பட்ட பதிப்பைப் பார்ப்பவரோ, ‘வண்ணத்துக்குப் பேர்பெற்ற படமன்றோ, அதனாலேதான் இப்படி ஒளிர்கின்றது’ என்று மகிழ்ந்துவிடுவர். படத்தின் புகழே அதன் பிழைக்குச் சான்றாகிவிடுகின்றது. திரையரங்கிற் பார்த்தவர் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. இறுவட்டிற் பார்த்தவர் தொகை பெருகுகின்றது. ஒரு தலைமுறை கழியுமுன், பிழைபட்ட வடிவமே மூலம் என்ற தகுதியைப் பெற்றுவிடுகின்றது. அதன் பின்னர் உண்மையான வடிவத்தைக் காட்டினாலும், ‘நிறம் குறைந்துவிட்டதே’ என்று குறை கூறுவோரே மிகுதியாவர்.

சினாப்ஸ் நிறுவனத்தார் மேற்கொண்ட பணியை இப்பின்னணியிலே நோக்க வேண்டும். அவர்கள் வெட்டுப்படாத இத்தாலிய மூல நெகற்றிவை எடுத்துக்கொண்டனர். இத்தகைய பணியின் முதற்படி, சுருளின் ஒவ்வொரு சட்டகத்தையும் மிகுந்த நுட்பத்துடன் எண்ணுருவாகப் பதிவு செய்தலாகும். ‘4கே’ என்று வழங்கும் அளவில், அகலவாட்டில் ஏறக்குறைய நான்காயிரம் புள்ளிகள் அடங்கும். 98 நிமிடம் ஓடும் படத்திலே, வினாடிக்கு 24 சட்டகம் வீதம், ஏறக்குறைய 141,000 சட்டகங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் தூசி, கீறல், கறை, ஒட்டின் தடம் முதலியவை இருக்கக்கூடும்.

அவற்றை நீக்குவதற்குக் கணினி துணை செய்யும். ஆனால் கணினியிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைத்தல் தகாது. ஒரு சட்டகத்தில் மாத்திரம் தோன்றி, அடுத்ததில் இல்லாத புள்ளியைத் தூசி என்று அது கணிக்கின்றது. பெருமழையுடன் தொடங்கும் படமொன்றிலே, மழைத்துளியும் அப்படித்தான் தோன்றி மறையும். உட்கூரையிலிருந்து புழுக்கள் உதிரும் காட்சியொன்றும் இப்படத்திலுண்டு. எது அழுக்கு, எது காட்சி என்பதை மனிதக் கண்ணே பிரித்துக் காணல் வேண்டும். சுருளுக்கு இயல்பாக உள்ள மணிமணியான தன்மையையும் அழுக்கென்று கருதித் துடைத்துவிட்டால், மாந்தர் முகம் மெழுகுப் பதுமையின் முகமாகிவிடும். நல்ல மீட்டமைப்பாளரின் திறமை, அவர் நீக்கியவற்றிலே எவ்வளவு தெரிகின்றதோ, தொடாமல் விட்டவற்றிலும் அவ்வளவு தெரியும்.

சுத்திகரிப்பின் பின்னரே நிறத்தைச் சமன்செய்யும் பணி தொடங்குகின்றது. நெகற்றிவ் சொல்லாததைச் சொல்ல ஒரு சாட்சி தேவையாயிற்று. அச்சாட்சியாக அமைந்தவர் தோவொலி. எந்தத் துணியை எந்த விளக்கின் முன்னே நிறுத்தினோம், ஆய்வுகூடத்திலிருந்து வந்த முதற்பிரதி எவ்வாறு இருந்தது என்பவற்றைத் தம் கண்ணாற் கண்டவர் அவர். நாற்பது ஆண்டுகளின் பின் அவருடைய மேற்பார்வையிலேயே புதிய பதிப்பின் நிறம் நிறுவப்பட்டு, அவருடைய ஒப்புதலும் பெறப்பட்டது. முந்திய பதிப்பிற் பொசுங்கி வெளிறிய இடங்களில் நிறத்தின் படிமுறைகள் மீண்டன. சிவப்பின் உள்ளே இருள் இருந்தது. நீலத்தின் ஓரத்திலே தோலின் இயல்பான நிறம் தெரிந்தது. வண்ணம் மிகுந்த படம் என்பது வண்ணம் வழிந்த படம் என்று பொருள்படாது என்பதைப் பார்வையாளர் அறிந்துகொண்டனர்.

ஆயினும், நினைவை மாத்திரம் நம்புவது போதுமா என்னும் ஐயம் நியாயமானதே. மனிதனின் நிற நினைவு உறுதியற்றது. ஒரு துணியின் சாயலை வீட்டிலே பார்த்துவிட்டுக் கடைக்குச் சென்று அதே சாயலில் நூல் தெரிந்தெடுக்க முயன்றோர் இதனை நன்கறிவர். கலைஞனிடம் இன்னொரு பலவீனமும் உண்டு. அன்று பொருட்குறையாலோ காலக்குறையாலோ செய்ய முடியாமற் போனதை இன்று செய்துவிட வேண்டும் என்னும் ஆசை அவனுக்கு எழலாம். அவ்வாசைக்கு இடங்கொடுத்தால், வெளிவருவது பழைய படைப்பன்று. முதுமையிலே இளமைப் படைப்புக்கு எழுதிய திருத்தமாகும். படங்களைத் தம் விருப்பப்படி பிற்காலத்தில் மாற்றிய நெறியாளர்கள் பலர் உளர். அதனாலேயே, பொறுப்புள்ள மீட்டமைப்பாளர் ஒருவரின் நினைவோடு நில்லாமல், எஞ்சியுள்ள பழைய பிரதிகளையும் ஒப்புநோக்குவர். சாயம் மங்காத டெக்னிக்கலர் பிரதியொன்று கிடைக்குமாயின், அது பேசாத சாட்சியாயினும் பொய் கூறாத சாட்சி.

இச்சிக்கல் வெறுங் கற்பனையன்று என்பதற்கு ‘சுஸ்பீரியா’வே சான்று தருகின்றது. ஏறக்குறைய அதே காலத்தில், 2017ஆம் ஆண்டில், ஜேர்மனியிலும் இப்படத்துக்கு மற்றொரு 4கே மீட்டமைப்புச் செய்யப்பட்டது. அதுவும் முயற்சியிற் குறைந்ததன்று. இரண்டும் ஒரே படத்துக்குரியவை. இரண்டும் உழைப்பினால் விளைந்தவை. ஆயினும் இரண்டின் நிறச்சாயலும் ஒன்றல்ல. ஒன்றிலே குளிர்ந்து தோன்றும் காட்சி மற்றொன்றிலே வெதுவெதுப்பாய்த் தோன்றுகின்றது. ஆர்வலர் சட்டகத்துக்குச் சட்டகம் அவற்றை ஒப்பிட்டு வாதிட்டனர். இவ்வாதத்தை வீண் பூசல் என்று தள்ளிவிடலாகாது. ஏட்டுச் சுவடியிலே பாடபேதம் காணும் புலவர் எந்தப் பாடம் மூலம் என்று ஆராய்வது போன்றதே இதுவும். பாடபேதங்களை மறைக்காமற் பதிவு செய்யும் பதிப்பாசிரியரின் நேர்மை, திரைப்பட மீட்டமைப்பாளருக்கும் வேண்டப்படுகின்றது.

ஒலியின் கதையும் இதனோடு ஒத்தது. அக்கால இத்தாலியப் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பின்போது ஒலி பதியாமல் எடுக்கப்பட்டன. நடிகர் தத்தம் மொழியிற் பேசினர். பின்னர் குரல் சேர்க்கப்பட்டது. ஆகவே ஒலித்தடம் என்பது முழுவதும் கலைஞர் கட்டியெழுப்பிய ஒரு கட்டடம். கொப்லின் என்னும் இத்தாலிய இசைக்குழு இப்படத்துக்கு இசையமைத்தது. மூக் மின்னிசைக் கருவியின் ஒலியோடு, கிரேக்க நாட்டின் பூசூக்கி என்னும் நரம்புக் கருவியும், இந்தியத் தபலாவும் அவ்விசையிலே கலந்து ஒலிக்கின்றன. தாலாட்டைப் போலத் தொடங்கி, முணுமுணுப்பாகவும் பெருமூச்சாகவும் மாறிச் செல்லும் அவ்விசையும் நிறத்தைப் போலவே படத்தின் உறுப்பு.

1977ஆம் ஆண்டின் ஆங்கில ஒலித்தடம் நான்கு தடங்களாக அமைந்திருந்தது. திரையின் இடம், நடு, வலம் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொன்றும், அரங்கைச் சூழ்ந்து ஒலிப்பதற்கு ஒன்றும் என வகுத்திருந்தனர். பெருமூச்சு பார்வையாளரின் பின்னாலிருந்து எழ வேண்டும் என்பது அவ்வமைப்பின் நோக்கம். பிற்காலத்து வீட்டுப் பதிப்புகளிலே ஒலி புதுமுறைகளுக்கேற்ப மறுபடியும் கலக்கப்பட்டது; அதனால் இசைக்கும் பேச்சுக்கும் இடையிலிருந்த பழைய அளவு மாறியது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலே அந்த நான்கு தடக் கலவை மீட்டுத் தரப்பட்டது. நிறத்தைப் பற்றிக் கருத்து வேறுபட்டோரும் இப்பணியின் அருமையை ஒப்புக்கொண்டனர். ஒலிக்கு மூலப்பதிவு என்னும் சான்று கையிலிருந்தமையால், அங்கே நினைவின் உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

வீட்டிலே பார்க்கும் இறுவட்டுக்கு இவ்வளவு கவனம் வேண்டுமா என்பது மற்றொரு வினா. இக்காலத்திலே பழைய படமொன்றைத் திரையரங்கிற் காணும் வாய்ப்புப் பெருநகரங்களில் வாழும் சிலருக்கே கிட்டுகின்றது. ஏனையோருக்கு அப்படம் என்பது இறுவட்டிலோ இணையவழியிலோ வீட்டுக்கு வருவதுதான். மாணவர் அதனைப் பார்த்தே கற்கின்றனர். விமரிசகர் அதனைப் பார்த்தே எழுதுகின்றனர். வீட்டுப் பதிப்பிற் பிழை புகுந்தால், அப்பிழை வரலாற்றிலும் புகுந்துவிடும். இத்தாலியிலேயே இதனை நன்குணர்ந்து செயற்படும் நகரம் பொலோஞ்ஞா. அங்கே 1986ஆம் ஆண்டு தொடக்கம் மீட்கப்பட்ட திரைப்படங்களுக்கென ஆண்டுதோறும் விழா நடைபெற்று வருகின்றது. மீட்டமைப்புக்கெனத் தனி ஆய்வுகூடமும் அங்கே இயங்குகின்றது. உயர்ந்த கலைப்படங்களோடு, ஒரு காலத்தில் மலிவான பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட படங்களும் இன்று பாதுகாப்புக்கு உரியன எனக் கருதப்படுவதற்கு இத்தகைய முயற்சிகள் வழிகோலின.

திகிற்படங்களுக்கு இப்பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டதற்குக் காரணமுண்டு. அவை நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயருடன், வெவ்வேறு நீளத்தில், தணிக்கையாளரின் கத்தரிக்கோலுக்கு ஏற்ப வெட்டப்பட்டு விற்கப்பட்டன. வருவாய் தீர்ந்த பின்னர் அவற்றின் பிரதிகளைப் பேணுவோர் அரியராயினர். ‘சுஸ்பீரியா’வின் மூல நெகற்றிவ் தப்பியது நற்பேறு. அந்நற்பேறு வாய்க்காத படங்கள் பல. அவற்றை மீட்க முயல்வோர், வெவ்வேறு நாடுகளிற் கிடைத்த துண்டுகளை ஒட்டியே முழுப்படத்தை ஆக்க வேண்டியிருக்கின்றது.

மீட்டமைப்பாளரின் உழைப்பு வீட்டிலேயும் பாழாகக்கூடும் என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் கடையிலே கண்ணைக் கவர்வதற்காக நிறத்தையும் பிரகாசத்தையும் மிகைப்படுத்திக் காட்டும் அமைப்புடன் வருகின்றன. அசைவை வழுவழுப்பாக்குவதற்காக, இல்லாத சட்டகங்களைத் தாமே இடையிற் சேர்க்கும் வசதியும் அவற்றில் உண்டு. இவ்விரண்டையும் நிறுத்தாமற் பார்த்தால், பல ஆண்டு உழைத்து நீக்கிய பிழை ஒரு பொத்தானின் வழியே திரும்பவும் வந்துவிடும். திரைப்படத்துக்கெனக் குறித்த அமைப்பை அப்பெட்டிகளிலே தெரிந்துகொள்ளலாம். விளக்கை அணைத்து, அறையை இருளாக்கிப் பார்ப்பதே இத்தகைய படத்துக்கு உகந்தது.

2019ஆம் ஆண்டில் அதே மீட்டமைப்பு, ஒளிக்கும் இருளுக்கும் இடையிலுள்ள எல்லையை இன்னும் விரிவாகக் காட்டவல்ல 4கே இறுவட்டாகவும் வெளிவந்தது. கருவிகள் இனியும் முன்னேறும். நெகற்றிவ் பேணப்பட்டிருக்குமளவும், இன்னும் நுட்பமான பதிவை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படத்தை ஒளியூட்டியவரை அருகில் அமர்த்தி, ‘இந்தச் சிவப்பா, இதனிலும் ஆழ்ந்ததா?’ என்று கேட்கும் வாய்ப்பு ஒரு மனிதனின் ஆயுள் அளவே நிற்கும். எழுபதுகளிலே பணியாற்றிய ஒளிப்பதிவாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பர், ஒலிப்பதிவாளர் ஆகியோர் முதுமை எய்திவிட்டனர், பலர் மறைந்துவிட்டனர். அவர்களுள் எஞ்சியோர் உள்ள போதே, அவர்தம் படங்களை அவர்களுக்குக் காட்டி, அவர்கள் கூறுவதை எழுதி வைத்தல் வேண்டும். பணம் பின்னர் கிடைக்கலாம்; கருவி பின்னர் வாங்கலாம்; மீட்டமைப்பையும் பத்தாண்டு கழித்துச் செய்யலாம். சாட்சியத்தைப் பதிவு செய்யும் வேலையை மாத்திரம் ஒத்திவைக்க முடியாது. ‘சுஸ்பீரியா’வின் செந்நிற மாளிகை இன்று தன் சிவப்போடு நிற்பதற்குக் காரணம், அவ்வேலை காலத்தோடு செய்யப்பட்டமையே.